நட்சத்திரப் பழம் காய்த்த வருஷம்

பாப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவளுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் தொட்டிலில் கிடந்தபோது அண்ணன் வைத்த பெயர், தலை நரைத்த பிறகும் விட்டுப் போகவில்லை. கணவர் அப்படித்தான் கூப்பிட்டார், அண்ணியும் அப்படித்தான். வேலை செய்யும் இடத்தில் அவள் வயதில் பாதிகூட ஆகாத பெண்கள்கூட ‘பாப்பா அக்கா’ என்றார்கள். தெருவில் மட்டும் அவளுக்கு வேறு பெயர். பழக்காரம்மா.

அவள் வேலை பல் செய்வது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் பளபளவென்று ஒரு பல்செட்டாக எடுத்துக் கொடுக்கும் சின்னக் கூடம் அது. ஜன்னலோர மேஜை அவளுடையது. “இந்த ஊர்ல வயசானவங்க பாதிப் பேர் என் கையாலதான் சிரிக்கிறாங்க” என்று சொல்லிக்கொள்வாள். அதில் கொஞ்சம் பெருமை உண்டு, கொஞ்சம் உண்மையும் உண்டு.

மரப் பைத்தியம் பிடித்ததும் அந்த மேஜையில்தான். ஒருநாள் டாக்டர் வீட்டிலிருந்து அச்சு கொண்டுவந்த ஆள், பையிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு பழத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மங்குஸ்தான். அதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை. உள்ளே இருந்த வெள்ளைச் சுளை நாக்கில் கரைந்த வேகத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். கொட்டையைத் துப்ப மனம் வரவில்லை. காலி பிளாஸ்டர் டப்பாவில் மண் போட்டுப் புதைத்தாள். அது முளைக்கவும் செய்தது. முளைத்த பிறகு, வளர்கிறதா இல்லை யோசித்துக்கொண்டு நிற்கிறதா என்று சந்தேகப்படும் வேகத்தில் வளர்ந்தது. அதற்குள் பாப்பா அடுத்ததைத் தேடப் போய்விட்டாள்.

ரம்புத்தான் வந்தது. முள் சீத்தா வந்தது. தண்டிலேயே திராட்சை மாதிரி காய்த்து ஒட்டிக்கொள்ளும் மரம் ஒன்று வந்தது. உள்ளே தார் மாதிரி கறுப்பாக இருக்கும் சப்போட்டா, அவித்த முட்டை மஞ்சள்கருவைப் போல இருக்கும் பழம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கொல்லைப்புறம் நிறைந்ததும் மாடியில் பிளாஸ்டிக் டிரம்கள் ஏறின. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன மறுவாரமே அவளுடைய அறைக்குள் நாற்றுகள் குடிபுகுந்தன.

“மரத்துக்கு நடுவுல எங்கயாவது கொஞ்சம் இடம் இருந்தா சொல்லு பாப்பா, நான் படுத்துக்கறேன்” என்பார் கணவர்.

பல் கூடத்து மெழுகுக் கத்திதான் அவள் ஒட்டுக்கட்டும் கத்தி. வெட்டிய இடத்தில் பூச அங்கே மிஞ்சும் மெழுகு. மயிரிழை பிசகாமல் பல்லை நிறுத்திப் பழகிய விரல்கள், குச்சியையும் குச்சியையும் சேர்த்துக் கட்டினால் பிடிக்காமல் போவது அபூர்வம். ஆனால் இதெல்லாம் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு அது ஒரு வெறி. யாரிடமும் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும். தன்னிடம் இருப்பதை நாலு பேர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டலுக்காக அவள் எத்தனை தூரம் வேண்டுமானாலும் போவாள்.

எல்லாரையும்விட நன்றாகத் தலையாட்டுபவர் அண்ணன்.

அண்ணனுக்குக் கட்டுமான கம்பெனியில் டவர் கிரேன் ஓட்டும் வேலை. காலையில் இரும்பு ஏணி வழியாக வானத்துக்கு ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பார். மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி. கீழே இருப்பவர்களின் தலைக்கு மேல் கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் தொட்டிகளையும் ஊஞ்சலாக ஆடவிடாமல் கொண்டுபோய் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் தங்கை வீட்டுக் கொல்லையில் ஆஜர். ஒருமுறை பாப்பா ஒரு சின்னச் சிவப்புப் பழத்தை அவர் வாயில் போட்டு மெல்லச் சொல்லிவிட்டு, பின்னாலேயே ஒரு எலுமிச்சையைப் பிழிந்து கொடுத்தாள். புளிப்பை இனிப்பாக்கும் பழம் அது. மனுஷன் எலுமிச்சைச் சாற்றைச் சர்பத் மாதிரி குடித்துவிட்டு, “என்ன பாப்பா, சர்க்கரை தூக்கலா போட்டுட்ட” என்றார். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

அந்த வருஷம்தான் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். பல வருஷச் சர்க்கரை, சத்தமில்லாமல் செய்த வேலை. இன்னும் கொஞ்ச காலம் மாத்திரையில் ஓட்டலாம், அப்புறம் இயந்திரத்தில் படுத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்றார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். யாருக்கும் சொல்லக் கூடாது. பாப்பாவுக்குச் சொல்லவே கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. பாப்பாவின் கணவர் அதே கட்டுமான இடத்தில் வாசல் காவலுக்குத் தலைவர். தலைக்கவசம் இல்லாமல் வந்தான் என்று முதலாளியின் மகனையே வாசலில் நிறுத்தி வைத்த மனுஷர். “பாப்பா காதுல விழுந்தா அன்னைக்கே மாப்பிள்ளை காதுல விழும். அவர் காதுல விழுந்தா மறுநாள் நான் கிரேன்ல ஏற முடியாது. ஏறலைன்னா நான் யாரு?” என்று கேட்டார் அண்ணன். கம்பெனி நடத்திய உடல் பரிசோதனைக்கு அவர் வேறொருவர் ரத்தத்தைக் கொடுத்துத் தப்பினார் என்பதும் அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

அதே வருஷம் பாப்பாவின் கொல்லையில் நட்சத்திரப் பழ மரம் பூத்தது. குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் விழும் பழம். ஊரில் கிடைப்பது பல் கூசும் புளிப்பு. இவளுடையது கைமுஷ்டி அளவுக்கு வளர்ந்து தேனாக இனிக்கும் அபூர்வ ஜாதி. அதைக் கொடுத்தவர் மரம் வளர்ப்பவர்களின் கூட்டத்தில் பழக்கமான ஒரு டிவி மெக்கானிக். துரியான் மேல் உயிர் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘துரியான்’. ஒட்டுச் செடியைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்.

“ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்கம்மா. கிட்னி சரியில்லாதவங்க இதை வாயில வைக்கவே கூடாது. நமக்கு ஒண்ணும் பண்ணாது. அவங்களுக்கு விஷம்.”

“எங்க வீட்ல யாருக்கும் அந்தக் கோளாறு இல்ல துரியான்” என்று சிரித்தாள் பாப்பா.

அவள் அலட்சியக்காரி இல்லை. முதல் தடவை மரம் நாலைந்து பழம் விட்டபோது, கொடுத்த வீட்டிலெல்லாம் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்தாள். “ஐயையோ, அப்படியா?” என்று ஒரு பெண் பழத்தைத் திருப்பி நீட்டினாள். இன்னொரு வீட்டில் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தலையாட்டாமலே கதவைச் சாத்தினார்கள். பாப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அடுத்த காய்ப்பில் எச்சரிக்கை மெல்லக் கழன்றுகொண்டது. எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

இப்படியாக, பழத்தைப் பற்றித் தெரிந்தவளுக்கு நோயைப் பற்றித் தெரியாது. நோயைப் பற்றித் தெரிந்தவளுக்குப் பழத்தைப் பற்றித் தெரியாது. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அண்ணியிடம் டாக்டர் பொதுவாகச் சொல்லியிருந்தது, பழம் ஜாஸ்தி வேண்டாம் என்பதுதான். அதனால் அண்ணன் தட்டில் பாப்பா எதை வைத்தாலும், அண்ணி பேச்சுவாக்கில் பாதியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். பாப்பா இதைக் கவனித்தாள். கவனித்து, தப்பாகப் புரிந்துகொண்டாள். அண்ணன் தன் கைப்பழத்தை ரசிப்பது அண்ணிக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

இலையின் நரம்புக்கு நடுவில் லேசாக மஞ்சள் தட்டினாலே மண்ணில் என்ன குறை என்று சொல்லிவிடும் கண், அண்ணன் காலைப் பார்க்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த இடம் பள்ளமாக நெடுநேரம் அப்படியே நின்றது. காலையில் முகம் உப்பியிருந்தது. “சரியாத் தூங்கலையாண்ணா?” என்று கேட்பாள். “மேல ஏறி ஏறிக் காத்து அடைச்சுக்கிச்சு” என்பார் அவர். அதற்கும் சிரிப்புதான்.

பெரிய காய்ப்பு வந்த மாதம், அண்ணி மட்டும் தனியாக வந்தாள். திரைச்சீலை தைக்கும் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“பாப்பா, இனிமே உங்க அண்ணனுக்குப் பழம் குடுக்காத.”

“ஏன் அண்ணி?”

“வேண்டாம்னா வேண்டாம். சர்க்கரை இருக்குல்ல.”

“சர்க்கரை இன்னைக்கா வந்தது? அளவாத்தானே குடுக்கறேன்.”

“அளவாவும் வேண்டாம்.”

“காரணம் சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

அண்ணி வாயைத் திறந்தாள். மூடினாள். கொல்லைப் பக்கம் பார்த்தாள். மரம் நிறைய மஞ்சள் பழங்கள், கிளையே தெரியாமல் தொங்கின. செய்து கொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது.

“நான் அவர் பொண்டாட்டி. நான் சொல்றேன், அது போதாதா?” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். பாப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. “நான் அவர் கூடப் பொறந்தவ. எனக்கும் அவர் மேல அக்கறை இருக்கு” என்றாள். அண்ணி இறங்கிப் போனாள். தெருமுனை வரை போய் நின்று, திரும்பி வருவதுபோல ஒரு அடி வைத்தாள். பிறகு போயே போய்விட்டாள். பின்னாளில் பாப்பாவுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அந்த ஒரு அடிதான்.

அடுத்த ஞாயிறு அண்ணன் தனியாக வந்தார். அண்ணிக்குக் கடையில் அவசர வேலை. பாப்பா அன்று விடிந்ததிலிருந்து பழம் பறித்துப் பை பையாகக் கட்டி, தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அண்ணனைத் தனியாகப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு வீம்பு எழுந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர் முன்னால் தட்டு நிறைய நட்சத்திரங்களை நறுக்கி வைத்தாள். அது தீர்ந்ததும் ஒரு பெரிய டம்ளர் சாறு. “இன்னும் கொஞ்சம் ஊத்து, அவ இல்ல” என்று கண்ணடித்தார் அண்ணன். பாப்பா ஊற்றினாள். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினார்.

மத்தியானம் அவருக்கு விக்கல் எடுத்தது.

“யாரோ நினைக்கிறாங்க” என்றாள் பாப்பா.

“உங்க அண்ணிதான். திட்டிக்கிட்டிருப்பா.” விக்கல். “இவ்வளவு பலமா நினைக்க வேற ஆள் ஏது?” இன்னொரு விக்கல்.

தண்ணீர் குடித்தார், நிற்கவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தார். பாப்பாவின் கணவர் பின்னாலிருந்து “மச்சான், உங்க வண்டியக் காணோம்!” என்று கத்திப் பார்த்தார். அண்ணன் பதறி எழுந்தார், விக்கல் மட்டும் பதறவில்லை. கடிகாரத்து முள் மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சாவியைத் தேடினார். எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். ஆனால் அவர் வண்டி திரும்பிப் போன பிறகும் அந்தச் சத்தம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிற மாதிரி இருந்தது; ஒரு காரணமும் இல்லாமல் போய்க் கொல்லைக் கதவைத் தாழ் போட்டாள்.

மறுநாள் காலை. பாப்பா ஒரு கீழ்த்தாடைக்குப் பல் வரிசை நிறுத்திக்கொண்டிருந்தாள். கணவரின் போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

“பாப்பா, நேத்து மச்சான் உன்கிட்ட எதாவது சொன்னாரா? மனசு சரியில்லைன்னு, அந்த மாதிரி?”

“இல்லையே. ஏன்?”

“மேல உக்காந்திருக்கார். கம்பிக் கட்டு பாதியில தொங்குது. ஏத்தவும் மாட்டேங்கிறார், இறக்கவும் மாட்டேங்கிறார். வாக்கி-டாக்கில கூப்பிட்டா ஏதேதோ பேசறார். உன்னக் கூப்பிடறார். பாப்பா தொட்டில்ல அழுதுக்கிட்டிருக்கா, யாராவது போய்த் தூக்குங்கன்னு சொல்றார்.”

பின்னணியில் வாக்கி-டாக்கி கரகரத்தது. கரகரப்புக்கு நடுவில் ஒரு விக்கல். நேற்று மத்தியானம் ஆரம்பித்த அதே விக்கல்.

பாப்பா கையில் மெழுகு ஒட்டியபடியே ஆட்டோ பிடித்தாள். கட்டுமான இடத்து வாசலில் இறங்கி அண்ணாந்து பார்த்தபோது காற்று வேகமாக வீசிக்கொண்டிருந்தது. கிரேனின் நீண்ட கை அசையாமல் நின்றது. அதன் நுனியில் கம்பிக் கட்டு மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு பக்கம் சுற்றி நிற்கும், பிறகு மறுபக்கம் சுற்றும். கீழே யாரும் இல்லை. எல்லாரையும் வேலிக்கு வெளியே விரட்டியிருந்தார்கள்.

இன்னொரு ஓட்டுநர் ஏணியில் ஏறினார். மேலே போய்க் கைப்பிடியை வாங்கி, கம்பிக் கட்டை ஆள் இல்லாத மண்மேட்டில் இறக்கி வைத்தார். அதன் பிறகுதான் கஷ்டம். அண்ணன் இடுப்பில் வாரைக் கட்டி, மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழே ஒருவர் அவர் பாதங்களை எடுத்து எடுத்து ஒவ்வொரு படியிலும் வைத்தார். நடை பழகும் குழந்தைக்குச் செய்கிற மாதிரி. ஏணியில் பாதி தூரம் வந்தவர் நின்றுவிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, கைகளை விட்டுவிடப் போகிறவர் மாதிரி விரல்களைத் தளர்த்தினார்.

“அண்ணா!” பாப்பா கத்தினாள். “பாப்பா இங்க இருக்கேன்! இறங்கி வா!”

அவர் குனிந்து பார்த்தார். எந்தப் பாப்பாவைப் பார்த்தாரோ, விரல்கள் மறுபடி இறுகின. தரையைத் தொட்டதும் கால்கள் மடங்கின. ஆம்புலன்ஸில் வைத்து ஏற்றும்போதே வலிப்பு வந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பச்சை பெஞ்சு ஒன்றில் பாப்பாவும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி ஓடி வந்தாள். சின்ன வயது டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, “ரத்தத்துல கழிவு ரொம்ப ஏறியிருக்கு. ஆனா இந்த அளவுக்கு மூளை குழம்பறது அதனால மட்டும்னு தோணல. ஏற்கெனவே ஏதாவது கோளாறு உண்டா?” என்று கேட்டாள்.

அண்ணி பாப்பாவின் கணவரைப் பார்த்தாள். அவர் சீருடைச் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தாள். சத்தியத்துக்கும் உயிருக்கும் நடுவில் அவள் நின்றது ஒரு மூச்சு நேரம்தான்.

“கிட்னி,” என்றாள். “ரெண்டும் போச்சு. வருஷம் ஆகப்போகுது. யாருக்கும் சொல்லல.”

பாப்பாவின் கணவர் எழுந்து நின்றார். “ஒரு வருஷமா? அத்தனை பேர் தலைக்கு மேலயா?” என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பாப்பாவுக்குத் துரியானின் குரல், ஒட்டுச் செடியைக் கையில் கொடுத்தபடி அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், வேறு எந்தச் சத்தமும் இல்லாத இடத்தில் கேட்பது போலக் கேட்டது. பக்கத்திலேயே இன்னொரு யோசனையும் எழுந்தது. அதைச் சொல்லவே வெட்கம். யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம். பழத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

டாக்டர் உள்ளே திரும்பினாள். கதவு மூடப்போனது.

“டாக்டரம்மா, நில்லுங்க.” பாப்பா எழுந்தாள். “நேத்து நான் அவருக்கு நட்சத்திரப் பழம் குடுத்தேன். நிறைய. சாறும் குடுத்தேன். கிட்னி கெட்டவங்களுக்கு அது விஷம்னு எனக்குத் தெரியும்.”

அண்ணி திரும்பினாள். பாப்பா வாழ்நாளில் பார்த்த முகங்களில் அதை மட்டும் யாரிடமும் விவரித்ததில்லை.

“தெரியுமா?” என்று கேட்டாள் அண்ணி, மிக மெதுவாக.

“பழத்தைப் பத்தித் தெரியும் அண்ணி. அவரப் பத்தித் தெரியாது.”

டாக்டர் ஒரு கணம் விழித்தாள். பிறகு யாருக்கோ போன் செய்தாள். பெரிய டாக்டர் வந்தார், “எப்ப சாப்பிட்டார்? விக்கல் எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அண்ணனை இயந்திரத்தில் படுக்கவைத்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, “சொன்னது நல்லதாப் போச்சு. மத்ததைப் பார்க்கலாம்” என்றார் பெரிய டாக்டர். நல்லது என்ற வார்த்தை பாப்பாவுக்கு அடி மாதிரி விழுந்தது.

கண்ணாடி வழியாக அண்ணன் ரத்தம் குழாயில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று அது நினைவுக்கு வந்தது. நேற்று காலையில் கட்டிய பைகள். தெரு முழுக்க.

அண்ணன் மறைத்தார். அவர் மட்டும்தான் மறைப்பாரா?

கணவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினாள். தெருவுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். “உங்க வீட்ல யாருக்காவது கிட்னிக் கோளாறு உண்டா?” வேறு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. “என்ன பழக்காரம்மா, வந்ததும் வராததுமா இப்படிக் கேக்கறீங்க? நாங்க நல்லா இருக்கோம்” என்றார்கள் ஒரு வீட்டில். இன்னொரு வீட்டில் கோபப்பட்டார்கள். ஒருவர், “உங்க பழம் அருமை, இன்னும் இருக்கா?” என்றார். சிலர் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாரும் நல்லா இருக்கோம் என்றார்கள். எல்லாரும் அண்ணன் சொன்ன மாதிரியே சொன்னார்கள், முகத்தை நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டே. யார் நிஜம், யார் பொய் என்று அந்தச் சிரிப்புகளில் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை வருஷம் சிரிப்புகளையே செய்தவளுக்கு.

தெருவின் கடைசி வீட்டில் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மனைவி கதவைத் திறந்தாள். கேள்வியைக் கேட்டாள் பாப்பா. “அப்படி யாரும் இல்லம்மா” என்று கதவு மூடியது. பாப்பா படி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். பின்னால் தாழ்ப்பாள் மறுபடி விலகும் சத்தம். கதவு ஒரு கை அகலம் திறந்தது.

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்,” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “கிட்னி கெட்டவங்க சாப்பிட்டா என்ன ஆகும்?”

“முதல்ல விக்கல் வரும்,” என்றாள் பாப்பா.

அந்தப் பெண்ணின் கை கதவைப் பற்றிக்கொண்டது. உள்ளே கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கடிகாரச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. “மாமியாருக்கு,” என்றாள் அவள் கடைசியில். “ஒரு துண்டுதான் வாயில வச்சாங்க. பல்லு வலிக்குதுன்னு துப்பிட்டாங்க.” அன்றே அந்த மாமியாரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் பாப்பாவைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். தங்கள் ரகசியம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்ற கோபம்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். சில நாள் கழித்து விக்கல் நின்றது, ஆட்களை அடையாளம் தெரிந்தது. ஆனால் இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கக்கூடிய இயந்திரம், அன்றே அவர் வாழ்க்கைக்குள் வந்து நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. கிரேன் போயிற்று. கம்பெனிப் பரிசோதனைக்கு ரத்தம் மாற்றிக் கொடுத்த கதையையும் அண்ணி மறைக்கவில்லை. பாப்பாவின் கணவர் எல்லாவற்றையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அவரால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணன் தங்கையைக் குறை சொல்லவே இல்லை. “நான் மறைச்சேன், நீ குடுத்த. சரிக்குச் சரி” என்றார் ஒருநாள். ஆனால் அவர் வீட்டுக்கு அவள் எதைக் கொண்டுபோனாலும், வெறும் முறுக்குப் பொட்டலமானாலும், வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு அண்ணி வந்து பார்க்கிற வரை தொட மாட்டார். அவருக்கே தெரியாமல் வந்த பழக்கம் அது.

நட்சத்திரப் பழ மரத்தைப் பாப்பா தன் கையாலேயே வெட்டினாள். துரியான் வந்து, “மரம் என்னம்மா பண்ணுச்சு?” என்று கேட்டார். அவள் வெட்டிய கிளைகளை அள்ளி ஓரமாகப் போட்டாள். கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மற்ற மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஆனால் பழங்களைப் பறிக்கவில்லை. அவை கீழே விழுந்து அழுகி, கொல்லை முழுக்கப் புளித்த நெடி ஏறியது. குப்பை அள்ளுகிறவர்களுக்கும் கொடுக்கப் பயம்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு சாயங்காலம் அண்ணி வந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை. இந்தத் தடவையும் உட்காரவில்லை. நேரே கொல்லைக்குப் போனாள்.

“அவர் கேக்கறார்,” என்றாள். “எதையாவது ஒண்ணு சாப்பிடணுமாம். ஒரு வாய். டாக்டர் எனக்கு வாழைப்பழம், ஆரஞ்சு வேண்டாம்னு மட்டும்தான் சொல்லிக் குடுத்திருக்கார். உன் மரத்தோட பேரெல்லாம் டாக்டருக்கே தெரியல. நீ சொல்லு. இது ஆகுமா?”

முள் சீத்தா மரத்தைத் தொட்டபடி கேட்டாள். பாப்பா அந்த மரத்தைப் பார்த்தாள். விதையிலிருந்து வளர்த்தது. எந்த மாசம் பூக்கும், எந்தப் பூச்சி வரும், எந்த வெயிலில் இலை சுருளும் என்று எல்லாம் தெரியும்.

“தெரியாது அண்ணி.”

“இது?”

கறுப்புச் சப்போட்டா. பாப்பா தலையை அசைத்தாள்.

“இது?”

தண்டில் காய்க்கும் மரம். அப்புறம் ரம்புத்தான். அப்புறம் மஞ்சள்கருப் பழம். அண்ணி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே கொல்லையின் கோடி வரை போனாள். பாப்பா பின்னாலேயே போனாள், ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு. மதில் ஓரத்தில் இருட்டு தட்டத் தொடங்கியிருந்தது. மரங்கள் நெருக்கமாக நின்றன. மாடியில் இன்னும் எத்தனையோ இருந்தன.